சொந்தக் கையால் கட்டிய ரோட்ஸ்டர்

அத்தியாயம் 6

"அதுதான்" என்றாள் நெட்ரா.

டாச்சோ பார்த்தான். மேடைக்குப் பக்கத்தில், சிவப்புக் கயிறு கட்டி மறித்த இடத்தில், கூரையில்லாத ஒரு பழைய ஃபோர்டு ரோட்ஸ்டர் நின்றுகொண்டிருந்தது. முப்பத்திரண்டாம் வருஷத்து உடம்பு. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. நின்ற இடத்திலேயே பாயப்போகிற தோரணை. நிறம், உரித்து வைத்த ஆரஞ்சுப் பழம்.

"உங்க வண்டி கறுப்புன்னு சொன்னீங்க."

"கறுப்புதான்."

"இன்ஜின்?"

"வேற."

"சக்கரம்?"

"வேற."

"அடிச்சட்டத்துல அடிச்சிருக்கிற நம்பர்?"

"சட்டமே வேற."

"ரொம்ப நல்லது" என்றான் டாச்சோ. "அப்படிப் பார்த்தா எங்க அம்மாவோட வாஷிங் மெஷின்கூட உங்க காரா இருக்கலாம்."

"டேய், வாயை மூடு" என்றாள் ஆர்டித்.

மூடினான். மூடிய வாய்க்குள் கொஞ்சம் சாண்ட்விச் இருந்தது.

ஆர்டித் ப்ரூயிட் இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, 'என் கார் தானாகவே தீப்பிடித்துக்கொண்டது' என்று சொல்ல வருபவர்களின் முகத்தைப் படித்தவள். அந்த வேலையை உதறிவிட்டுப் பேக்கர்ஸ்ஃபீல்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்டவன் டாச்சோ. உள்ளூர் ரேடியோவில் அறிவிப்பாளனாக இருந்து, விளம்பரம் கொடுத்த மெத்தைக்கடைக்காரரின் குறட்டையை நேரலையில் நடித்துக் காட்டியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ஆர்டித்தை அவன் 'ஹெஃபா' என்றுதான் கூப்பிடுவான். அவன் வீட்டு மொழியில் முதலாளியம்மா. சம்பளம் கேட்கும்போது மட்டும் 'ப்ரூயிட் மேடம்'.

நெட்ரா ஸ்டோவல் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். ஆள் குள்ளம். டாச்சோவின் தோளுக்குக்கூட வரமாட்டாள். துரு தின்ற ஒரு கார் உடம்பை வாங்கி, ஒன்பது வருஷம் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் கிடந்து, அதைச் சுற்றி ஒரு ரோட்ஸ்டரைக் கட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் கொட்டகை காலி. இன்று காலை, இந்தப் பொருட்காட்சி மைதானத்தில், வேறு நிறத்தில், வேறு பெயரில் அது எதிரே வந்து நிற்கிறது என்கிறாள்.

நம்பத்தான் ஆள் இல்லை. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து காவலுக்கு வந்திருந்த டெபுட்டி க்ரோவர் தொப்பியைக் கழற்றி மரியாதையாகவே சொன்னார்: "நம்பர் ஒத்துப்போகலை, கலர் ஒத்துப்போகலை. எதைக் காட்டி நான் நிறுத்துறது? ஒரு உருப்படியான சாட்சி கொண்டாங்கம்மா, நிறுத்துறேன்."

அவகாசமும் கொஞ்சம்தான். பிற்பகல் பரிசளிப்பு. அது முடிந்த கையோடு வண்டியை ஏற்றிக்கொண்டு போக, பின்வாசலில் ஒரு கண்டெய்னர் லாரி வாயைத் திறந்து நின்றது. ஒசாகாவிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் நல்ல விலைக்குப் பேசி முடித்துவிட்டார். துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டால், நெட்ரா அப்புறம் ஒன்பது வருஷத்தைப் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும்.

"வீணா மனசை அலட்டிக்காதே, கண்ணு" என்றார் அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்த பெரியவர். வெண்டல் மேப்ரி. நெட்ராவின் கார் கிளப்பில் பழைய ஆள். கார் தொலைந்ததிலிருந்து அவளோடு ஊர் ஊராகப் பழைய கார்க் கண்காட்சிகளுக்கு அலைபவர். "இதே மாதிரி வண்டியை ஃப்ரெஸ்னோவுல பார்த்தும் இதையேதான் சொன்னே."

"இல்ல வெண்டல். இந்தத் தடவை சத்தம் கேட்டேன். கூட்டத்துல நடந்துட்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால கேட்டுச்சு. திரும்பறதுக்கு முன்னாடியே அழுகை வந்துடுச்சு."

"இன்ஜினே வேற. அப்புறம் சத்தம் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?" என்றார் வெண்டல்.



"உங்க வண்டிக்குன்னு தனி அடையாளம் எதுவும் இல்லையா?" என்று கேட்டாள் ஆர்டித்.

"ஏன் இல்ல? கியர் குமிழுக்குக் கண்ணாடியில செஞ்ச கதவுக் குமிழ் போட்டிருந்தேன். டாஷ்போர்டு முள்ளெல்லாம் உடைச்சுப்போட்ட பஸ்ஸுலேர்ந்து எடுத்தது. பானெட்டுல காத்துப் போக வரிவரியா வெட்டு இருக்கும் பாருங்க, அதுல மூணாவது வரிசையில ஒண்ணு குறையும். வெட்டுற அச்சு உடைஞ்சுபோச்சு, அப்படியே விட்டுட்டேன். பெட்ரோல் மூடி ஒரு பழைய விமானத்தோடது."

"இப்ப?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மாறியிருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

ஆர்டித் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். அவளுக்கு ஏதோ பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

"டாச்சோ, போய் ஓனரைக் கொஞ்சம் கொஞ்சிட்டு வா."

---

வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ராய்ஸ் டாக்கெட். நீர்க்குழாய் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். ஆறடி இரண்டங்குலம். அதற்கு மேல் ஒரு தொப்பி. வண்டியின் வயிற்றுக்குக் கீழே தரையில் கண்ணாடி பதித்திருந்தார். அடிப்பக்கத்து வேலைப்பாட்டைக் குனியாமலே பார்க்கலாம். குரோம் பூச்சில் அச்சும் பிரேக்கும் மின்னின. முன்னால் ஒரு பலகை: 'ராய்ஸ் டாக்கெட். சொந்தக் கையால் கட்டியது.'

இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்காக இங்கே மனிதர்கள் பெண்டாட்டியை இழந்திருக்கிறார்கள். ரோட்ஸ்டர்க்காரர்கள் உலகத்தில் இரண்டே ஜாதி. கட்டினவன், வாங்கினவன். ஜெயிலிலிருந்து நேற்று வந்தவனுக்குக்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு பீர் கொடுப்பார்கள். செக் எழுதி வண்டி வாங்கினவன் பக்கத்தில் வந்தால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் எடுக்க எழுந்து போக வேண்டியிருக்கும்.

"தலைவரே!" என்று கையைக் கூப்பாத குறையாக நின்றான் டாச்சோ. "மொத்தமும் நீங்களேவா?"

"ஒவ்வொரு வெல்டும்."

"பெயிண்ட்?"

"நான்."

"சீட்டுக்குத் தோல் தைச்சது?"

"நானேதான். ராத்திரியெல்லாம்."

"மாட்டையும் நீங்களேதான் வளர்த்தீங்களா?"

ராய்ஸ் சிரிக்கவில்லை. டாச்சோ வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அது சரி, பெடல் மூணும் ஏன் இப்படி மூஞ்சிக்குக் கிட்ட வந்து நிக்குது?"

"அதுவா..." ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்தார். "அது பந்தய பாணி."

"ஸ்டியரிங்கும் மடியில உட்கார்ந்திருக்கு?"

"அதுவும் பந்தய பாணிதான்."

"அப்ப உள்ள உட்காருங்க தலைவரே, ஒரே ஒரு போட்டோ. எங்க அம்மாவுக்குக் காட்டணும்."

ராய்ஸுக்கு உட்கார இஷ்டமில்லை. ஆனால் நான்கைந்து பேர் கேமராவோடு கூடிவிட்டார்கள். காலை உள்ளே விட்டார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வலது காலை வெளியே எடுத்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி விட்டார். கடைசியில் உள்ளே போய்விட்டார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. பிள்ளைகளின் மூன்று சக்கரச் சைக்கிளில் ஏறிய போலீஸ்காரரைப் போலப் புன்னகைத்தார்.

டாச்சோ கிளிக் செய்தான்.

---

எலுமிச்சைச் சாறு விற்கிற வண்டியின் நிழலில் ஆர்டித் காத்திருந்தாள்.

"தையல்காரன் தனக்குன்னு தைச்ச சட்டை, அவன் தலையிலேயே நுழையலை ஹெஃபா" என்றான் டாச்சோ. "அந்த ஆள் அதைக் கட்டலை. கட்டினவ நம்ம நெட்ரா உயரத்துல இருக்கணும்."

"நெட்ரா உயரத்துல இந்த ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அதை வெச்சுக்கிட்டு க்ரோவர் லாரியை நிறுத்த மாட்டார்." ஆர்டித் உறிஞ்சுகுழலைக் கடித்தாள். "ஆனா இன்னொண்ணு பாரு. கியர் குமிழ் மாறியிருக்கு, பெட்ரோல் மூடி மாறியிருக்கு, பானெட் மாறியிருக்கு. பெடல் மட்டும் மாறலை. ஏன்?"

"மறந்துட்டான்."

"இல்லடா. நெட்ரா எந்த அடையாளத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாளோ, அதெல்லாம் மாறியிருக்கு. பெடலை அவ ஒரு அடையாளமாவே நினைச்சதில்ல. அவ காலுக்கு அது சாதாரண தூரம். அதனால அதைச் சொல்லவே இல்ல. சொல்லாதது அப்படியே இருக்கு."

டாச்சோ சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். அபூர்வமான நிகழ்ச்சி. "அப்ப அவ புலம்பலைக் கேட்டுக் கேட்டு எவனோ ஸ்பானர் புடிச்சிருக்கான்."

"அவ ரெண்டு வருஷமா பார்த்தவங்ககிட்டயெல்லாம் புலம்பியிருக்கா. வா, முதல்ல இந்த முழங்கால் மனுஷனைத் தட்டிப் பார்ப்போம்."

ராய்ஸ் தன்னுடைய டிரெய்லருக்குப் பின்னால் நின்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் சுற்றி வளைக்கவில்லை.

"மிஸ்டர் டாக்கெட், அந்த ரோட்ஸ்டரை நீங்க திருடினீங்களா?"

டாச்சோ அவர் முகத்தைப் பார்த்தான். கோபம் வரும், வெளுத்துப்போகும், வக்கீல் பெயர் வரும் என்று எதிர்பார்த்தான். ராய்ஸ் சிரித்தார். நல்ல மனசோடு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திருடினேனா! நானா! நல்லாயிருக்கே. போய் நம்பரைப் பாருங்கம்மா."

"சரி. அப்ப வாங்கினீங்களா?"

சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. 

"யார்... யார் சொன்னது அப்படி?"

"யாரும் சொல்லலை. வாங்கியிருந்தா உங்க மேல தப்பில்ல. திருட்டு வண்டின்னு தெரியாம ஏமாந்த மனுஷன் நீங்க. யார் வித்தாங்கன்னு ஒரு பேர் சொன்னா, நான் இப்படியே போயிடுவேன்."

"நான் கட்டினது!" ராய்ஸின் குரல் கீச்சிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "இதோ பாருங்க மேடம். அவ்வளவு சந்தேகம்னா, திருடினேன்னே வெச்சுக்குங்க. அதுக்கு என்ன உண்டோ பார்த்துக்கறேன். அந்த இன்னொரு வார்த்தையை மட்டும் இந்த மைதானத்துல சொல்லாதீங்க."

திரும்பி நடக்கும்போது டாச்சோ தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். "ரேடியோவுல இருந்தப்ப நிறைய பேரைப் பேட்டி எடுத்திருக்கேன் ஹெஃபா. குற்றத்தை ஒத்துக்கிட்டு மானத்தைக் காப்பாத்தப் பார்க்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"வித்தவன் பேரு அவர் வாயிலேர்ந்து வராது" என்றாள் ஆர்டித். "செத்தாலும் வராது. பேரு சொன்னா வாங்கினதா ஆயிடும்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. இந்த வருஷத்துச் சிறந்த ரோட்ஸ்டர், ராய்ஸ் டாக்கெட் அவர்கள் சொந்தக் கையால் கட்டிய...

கைதட்டலில் மீதி கேட்கவில்லை.

---

ஜெயித்த வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடையேறக் கூடாது. கட்டினவரே ஓட்டிக்கொண்டு சரிவுப் பலகையில் ஏற வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். ராய்ஸ் மறுபடியும் தன்னை மடித்து வண்டிக்குள் வைத்தார். ஒரு விரலால் கதவை இழுத்தார். அது மூடிக்கொண்டது. பழைய ஃபோர்டுக் கதவுகளுக்கே உரிய தகர ஓலம் இல்லை. ஆடம்பர ஓட்டல் அறைக் கதவைப் போல, கனமாக, 'தப்'.

நெட்ரா ஆர்டித்தின் கையைப் பிடித்தாள். "அதுதான்! அந்தச் சத்தம்தான்!"

இன்ஜின் இன்னும் உயிர்பெறவில்லை.

ஆர்டித் அவளை மெல்லத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு ஏதோ கேட்டாள். நெட்ரா ஏதோ சொன்னாள். டாச்சோவுக்குக் கேட்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் ஆர்டித் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கமும் துடைத்ததைத்தான்.

"டாச்சோ, அந்த மேடை மைக்கை உன்னால வாங்க முடியுமா?"

"என்ன ஹெஃபா, அறிவிப்பாளன் என் பழைய சிநேகிதன். மெத்தைக்கடை விளம்பரம் இப்ப அவன்தான் படிக்கிறான்."

"ஜெயிச்சவரைப் பேட்டி எடு. கதவைப் பத்திக் கேளு. கதவைப் பத்தி மட்டும் கேளு. அவர் எவ்வளவு பீத்தினாலும் நிறுத்தாதே, இன்னும் ஊதி விடு."

"எதுக்குன்னு..."

"போடா."

போனான். மைக் கைக்கு வந்ததும் அவனுக்குள் பழைய டாச்சோ எழுந்துகொண்டான்.

"அன்பான பேக்கர்ஸ்ஃபீல்ட் மக்களே! இப்ப நம்ம கூட ராய்ஸ் டாக்கெட்! தலைவரே, நான் கீழேர்ந்து ஒரு சத்தம் கேட்டேன். இன்ஜின் சத்தம் இல்ல. கதவுச் சத்தம். இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும், இந்த வருஷத்து ஃபோர்டுல கதவு மாட்டறதுன்னா என்ன பாடுன்னு. என் மாமா ஒருத்தர் மாட்டினார். இப்பவும் கயிறு போட்டுத்தான் கட்டி ஓட்டறார்!"

கூட்டம் சிரித்தது. ராய்ஸுக்கு மூச்சு வந்தது. கதவைப் பற்றித்தானே, இதில் ஆபத்து என்ன?

"ஒரே விரல் போதும்" என்று மறுபடி கதவைத் தள்ளிக் காட்டினார். தப். கூட்டம் 'ஆ' என்றது.

"எப்படி தலைவரே? சூட்சுமம் என்ன?"

"பொறுமைதான். ஒரு குளிர்காலம் முழுக்க இந்தக் கதவோடவே உட்கார்ந்திருந்தேன்."

"ஒரு குளிர்காலம்! கீலையும் நீங்களே செஞ்சீங்களா?"

"பின்ன? ராவி ராவி இழைச்சேன். சுத்தியும் இடைவெளி பாருங்க, முடி நுழையாது."

டாச்சோ மேடையிலேயே மண்டியிட்டான். "மக்களே, இந்தக் கதவை மாட்டின கைக்கு நான் ஒரு முத்தம் குடுக்கணும். தலைவரே, அந்தக் கையை நீட்டுங்க."

ராய்ஸ் கையை நீட்டினார்.

"முடி நுழையாதா? கதவு மாட்டறப்ப இடைவெளி எவ்வளவு விடணும்னு சொல்லு பார்ப்போம்!"

குரல் கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தது. ஒரு குடை கீழே விழுந்து உருண்டது. ஆட்களை முழங்கையால் இடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார் வெண்டல் மேப்ரி.

"முடி நுழையாம வெச்சா பெயிண்ட் உதிரும்டா, மடையா! குளிர்காலம் உட்கார்ந்தானாம்! யாரு உட்கார்ந்தது? முதுகெலும்பு தேயத் தேய உட்கார்ந்தது யாரு? ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு உனக்குத் தெரியுமா? அது என் கதவு! என் கையால மாட்டின கதவு!"

மைதானம் அமைதியானது.

அந்த அமைதியில், வெண்டல் தான் சொன்னதைத் தானே கேட்டார்.

டாச்சோ இன்னும் மண்டியிட்டபடியே இருந்தான். மேடைக்குக் கீழே ஆர்டித், டெபுட்டி க்ரோவரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "நெட்ராவோட வண்டிக்குக் கதவு மாட்டினது வெண்டல் மேப்ரி. மொத்த வண்டியிலயும் அவ கை படாத ஒரே வேலை அது. கேட்டுப் பாருங்க. அந்தக் கதவு இந்த வண்டியில என்ன பண்ணுதுன்னு அவரையே கேட்டுப் பாருங்க."

க்ரோவர் தொப்பியை அணிந்துகொண்டார். முதலில் மேடையேறி ராய்ஸிடம்தான் போனார். "சார், ரெண்டுல ஒண்ணு. இந்த வண்டியை நீங்க திருடினீங்க, இல்லாட்டி அந்தப் பெரியவர்கிட்டேர்ந்து வாங்கினீங்க. எது?"

ராய்ஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். எதிரே ஆயிரம் ரோட்ஸ்டர்க்காரர்கள். ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்கலை சார்."

டாச்சோ உதவும் மனப்பான்மையோடு மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

"வாங்கினேன்" என்றது ஒலிபெருக்கி.

முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். யாரோ ஒருவர், தொலைவில், மனசு தாங்காமல், 'ஐயோ, பாவி!' என்றார். ஒசாகாக்காரர் தன் மொழிபெயர்ப்பாளரிடம் என்ன நடந்தது என்று விசாரித்தார். திருட்டு என்றதற்கு அவர் முகம் மாறவில்லை. வாங்கினது என்று கேட்டதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

---

கூட்டம் கலைந்து, பின்வாசல் லாரி வெறும் வயிற்றோடு புறப்பட்டுப் போன பிறகு, வெண்டல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். க்ரோவர் பக்கத்தில் நின்றார்.

"புரியாத ஒண்ணு இருக்கு" என்றாள் ஆர்டித். "மீதி எல்லாத்தையும் மாத்தினீங்க. அந்தக் கதவைக் கழற்றி வேற ஒரு கதவை மாட்டியிருந்தா, நான் இன்னிக்கு வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

"கழற்றினேன்" என்றார் வெண்டல். "ஒரு சாயங்காலம் கழற்றிக் கீழே வெச்சேன். பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுபடி மாட்டிட்டேன்." நிமிர்ந்து நெட்ராவைப் பார்த்தார். "காசுக்காகன்னு நினைக்காதே, கண்ணு."

"பின்ன எதுக்கு?" என்றாள் நெட்ரா. அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷம் என் கூடவே குடை பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே வெண்டல்."

"நீ அதை ஓட்டினியே!" அவர் பொங்கிவிட்டார். "தினமும்! மழையில! காய்கறி வாங்க! பின்னாடி உருளைக்கிழங்கு மூட்டை! ஒருநாள் பார்க்கறேன், சூப்பர்மார்க்கெட் வாசல்ல நிக்குது. எவளோ தள்ளுவண்டியை விட்டுட்டா, அது உருண்டு வந்து கதவுல இடிச்சு, இவ்வளவு நீளத்துக்குக் கீறல். என் கதவுல! நீ அதைப் பார்த்துட்டுச் சிரிச்சே! 'பரவாயில்ல, கார்தானே'ன்னே! இந்த மனுஷன்" என்று ராய்ஸ் போன திக்கைக் காட்டினார், "இவன் ஒருக்காலும் ஓட்ட மாட்டான்னு தெரியும். டிரெய்லர்லேயே வெச்சுக் காப்பாத்துவான். அதான் குடுத்தேன்."

"அதை ஒரு அனாதை ஆசிரமத்துல சேர்த்திருக்கார்" என்று டாச்சோ ஆர்டித்திடம் முணுமுணுத்தான்.

ஆர்டித் அவன் காலை மிதித்தாள்.

நெட்ரா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தாள். ஆரஞ்சு நிறத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். குரோம் பூச்சைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். சிறந்த ரோட்ஸ்டர் கோப்பையை, கட்டினவர் இவர்தானே என்று, நடுவர் தயங்கித் தயங்கி அவளிடம் நீட்டியபோது, "இந்தக் கலருக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

க்ரோவர் தொண்டையைச் செருமினார். "முறைப்படி பார்த்தா இது சாட்சிப் பொருள்மா. விசாரணை முடியற வரைக்கும் ஷெரீஃப் ஆபீஸ் முற்றத்துலதான் நிக்கணும். நானே ஓட்டிட்டுப் போறேன்."

ஒரு காலை உள்ளே விட்டார். இன்னொரு காலுக்கு இடம் தேடினார். கைத்துப்பாக்கி உறை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. டாச்சோவும் ஒரு ஆளும் சேர்ந்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

"டாச்சோ, நீ?"

"நான் வேணாம் டெபுட்டி. நான் மதியம் ரெண்டு சாண்ட்விச் சாப்பிட்டிருக்கேன்."

க்ரோவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நெட்ராவைப் பார்த்தார். "சரி, நீங்களே ஓட்டிட்டு வாங்க. ஆனா நேரா ஆபீஸுக்கு."

நெட்ரா வண்டிக்குள் ஏறினாள். ஏறியதாகவே தெரியவில்லை. ஒரு பொருள் அதன் உறைக்குள் போனது மாதிரி இருந்தது. கால்கள் பெடல்களைத் தேடவில்லை. இன்ஜினை உயிர்ப்பித்து, அந்த வேறு சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

வெண்டல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "நெட்ரா. நேரா ஆபீஸுக்குத்தானே போறே?"

"ஆமா."

"வழியில எங்கயும் நிறுத்த மாட்டியே?"

அவள் கியரைப் போட்டாள்.

"வீட்டுல பால் தீர்ந்துபோச்சு வெண்டல்" என்றாள்.